4கே டிஸ்கில் ‘ஏஜிஎஃப் கெட்டுவிட்டது’ என்கிறது டூல்: கோடில் இருக்கும் 512-ஐ எங்கெல்லாம் மாற்றுவது?

கோபி_வாய்க்கால் கேட்டது:

வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இருந்த அண்ணன், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையின் உள்ளே எட்டிப் பார்ப்பதற்காக ‘துருவி’ என்று சி மொழியில் ஒரு டூல் எழுதி வைத்திருந்தார். வேலை மாறிப் போகும்போது சர்வர் ரூம் சாவியோடு அதையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். பழைய டிஸ்குகளில் அது சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

கோபியில் மாமா ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாண வீடியோ அத்தனையும் ஒரு லினக்ஸ் பெட்டியில், 4 டிபி டிஸ்கில், எக்ஸ்எஃப்எஸ்ஸில் கிடக்கிறது. தை முகூர்த்தம் முடிந்த கையோடு, “டிஸ்க் ஒரு மாதிரி சத்தம் போடுது, ஒருக்கா பாரு மாப்ள” என்றார். துருவியை எதையும் எழுதாத முறையில் ஓட்டினேன். சூப்பர்பிளாக் (கோப்பு முறைமையின் அளவுகளை எழுதி வைத்திருக்கும் முதல் தலைப்பு) சரி என்றது. அடுத்த வரியிலேயே ‘ஏஜி 0: ஏஜிஎஃப் மேஜிக் தவறு, 00000000’. (ஏஜி என்பது எக்ஸ்எஃப்எஸ் தன் இடத்தைப் பிரித்து வைக்கும் பெரிய பகுதி; மேஜிக் என்பது தலைப்பின் தொடக்கத்தில் அடையாளத்துக்கு இருக்கும் நான்கு எழுத்து.) ஏஜி 1, 2, 3 எல்லாவற்றிலும் அதே பாட்டு. ஏஜிஎஃப் அந்தப் பகுதியின் காலி இடக் கணக்கு; கோப்புப் பதிவுகளின் கணக்கான ஏஜிஐ, கைவசக் காலி பிளாக் பட்டியலான ஏஜிஎஃப்எல் இரண்டுக்கும் அதே கதி.

அப்படியெல்லாம் கெட்டிருந்தால் மவுண்ட்டே ஆகக்கூடாது. ஆனால் மவுண்ட் ஆகிறது, வீடியோ ஓடுகிறது. எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேரை வெறும் சோதனை முறையில் விட்டால் ஒரு குறையும் சொல்லவில்லை. (சத்தம் போட்டது டிஸ்க் அல்ல, பெட்டியின் ஃபேன். அது தனிக்கதை.)

பார்ட்டிஷனின் தொடக்கத்தை ஹெக்ஸில் எடுத்துப் பார்த்தேன். 0-வது பைட்டில் 58 46 53 42, அதாவது எக்ஸ்எஃப்எஸ்பி. துருவி ஏஜிஎஃப்பைத் தேடிப் போகும் 512-வது பைட்டில் வெறும் பூஜ்யம். பூஜ்யமாகவே போய், 4096-ல்தான் 58 41 47 46, அதாவது எக்ஸ்ஏஜிஎஃப் வருகிறது. 8192-ல் ஏஜிஐ, 12288-ல் ஏஜிஎஃப்எல். ஆக செக்டர் 4096 என்று புரிகிறது. துருவியின் கோடில் 512 என்று நேரடியாகவே எழுதியிருக்கிறது, அதுவும் ஒரு இடத்தில் அல்ல. தேடினால் திரை நிறைய வருகிறது.

இரண்டு கேள்விங்க. ஒன்று, சரியான செக்டர் அளவை எங்கிருந்து எடுப்பது? டிஸ்கைக் கேட்டால் லாஜிக்கல் (வெளியே காட்டும் செக்டர்) 512 என்கிறது, பிசிக்கல் (உள்ளே நிஜமாக இருக்கும் செக்டர்) 4096 என்கிறது. பிசிக்கலை எடுத்துக்கொண்டால் போதுமா? இரண்டு, இருக்கிற 512 எல்லாவற்றையும் ஒரே அடியாக அந்த மாறிக்கு மாற்றிவிடலாமா?

---

நொய்யல்கரை பதில்:

பிசிக்கல் அளவுதான் உங்கள் ஹெக்ஸோடு ஒத்துப்போகிறதே தம்பி, அப்புறம் என்ன யோசனை? டிஸ்கைத் திறந்ததும் பிஎல்கே-பிபிஎஸ்இசட்-கெட் ஐஆக்ட்லை (சாதனத்தின் பிசிக்கல் அளவைக் கர்னலிடம் கேட்கும் அழைப்பு) கூப்பிட்டு, வருகிற எண்ணை குளோபல் மாறியில் போட்டுக்கொள்ளுங்கள். பத்து வரி வேலை.

---

கோபி_வாய்க்கால்:

நன்றிங்கண்ணா. ஆனால் ஆபீசில் முக்கால்வாசி நேரம் டிஸ்க் மேல் நேரடியாகக் கை வைப்பதில்லை. இமேஜ் எடுத்து அந்தக் கோப்பின் மேல்தான் துருவியை ஓட்டுகிறோம். சாதாரணக் கோப்பிடம் இந்த ஐஆக்ட்லைக் கேட்டால் பிழைதான் திரும்பி வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஆளே கமாண்டில் அளவு கொடுக்கட்டும் என்று வைத்தால், ராத்திரி ஷிஃப்ட் பையன் 512 என்றுதான் கொடுப்பான்.

---

சென்னிமலை_பெட்ஷீட் பதில்:

டிஸ்கைக் கேட்கவே வேண்டாம் கண்ணு. கேட்க வேண்டிய ஆள் சூப்பர்பிளாக்.

நொய்யல்கரை அண்ணன் சொன்னது உங்கள் மாமா டிஸ்கில் சரியாக வரும், ஆனால் அது தற்செயல். எக்ஸ்எஃப்எஸ்ஸை உருவாக்கும் கமாண்ட், நாம் வேறு சொல்லாவிட்டால், டிஸ்க் சொல்லும் பிசிக்கல் அளவையே தன் செக்டராக எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் லாஜிக்கல் 512 என்று சொல்லும் டிஸ்கிலும் கோப்பு முறைமையின் செக்டர் 4096 ஆக இருக்கிறது. இப்போது இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். 512 செக்டரில் செய்த பழைய டிஸ்கை அப்படியே புது டிஸ்குக்கு டிடி கமாண்ட் போட்டு பைட்டுக்கு பைட் நகல் எடுக்கிறீர்கள். புது டிஸ்கின் பிசிக்கல் 4096. உள்ளே இருக்கும் எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு செக்டர் இன்னமும் 512தான். பிசிக்கலை நம்பினால் துருவி இந்த முறை எதிர்ப்பக்கம் பொய் சொல்லும்.

தலைப்புகள் எங்கே இருக்கின்றன என்பது கோப்பு முறைமை உருவானபோது எழுதி வைத்த கணக்கு. ஒவ்வொரு ஏஜியின் தொடக்கத்திலும் நான்கு செக்டர்: சூப்பர்பிளாக், ஏஜிஎஃப், ஏஜிஐ, ஏஜிஎஃப்எல். அந்த நான்கும் எத்தனை பைட் இடைவெளியில் இருக்கின்றன என்பது சூப்பர்பிளாக்கின் 102-வது பைட்டில், இரண்டு பைட் எண்ணாக இருக்கிறது. பெரிய பைட் முதலில். உங்கள் டிஸ்கில் அங்கே 10 00 என்று இருக்கும். 121-வது பைட்டில் இதுவே 2-ன் எத்தனையாவது அடுக்கு என்ற எண்: 4096 என்றால் 12, அதாவது ஹெக்ஸில் 0சி. இரண்டும் ஒத்துப்போக வேண்டும், 512-க்கும் 32768-க்கும் நடுவில் இருக்க வேண்டும், பிளாக் அளவைத் தாண்டக்கூடாது. இந்த மூன்றையும் பார்த்த பிறகே அந்த எண்ணை நம்புங்கள். கெட்டுப்போன டிஸ்கைப் பார்க்கத்தானே துருவி இருக்கிறது.

முட்டை முதலா கோழி முதலா என்று கேட்பீர்கள்: செக்டர் அளவு தெரியாமல் சூப்பர்பிளாக்கை எப்படிப் படிப்பது? சூப்பர்பிளாக் எப்போதுமே 0-வது பைட்டில்தான். அங்கிருந்து 32768 பைட் படித்துவிடுங்கள். எந்த செக்டர் அளவாக இருந்தாலும் அதற்குள் அடங்கும். ஓ-டைரக்டில் (கர்னலின் கேஷைத் தாண்டி நேராகப் படிக்கும் முறை) திறந்தாலும் சிக்கல் இல்லை, பஃபரை மட்டும் 4096-க்கு ஒழுங்குபடுத்தி வாங்கிக்கொள்ளுங்கள். கர்னலும் மவுண்ட் செய்யும்போது இந்த மாதிரிதான் போகிறது: முதலில் சோதனை எதுவும் இல்லாமல் ஒருமுறை படித்து செக்டர் அளவை மட்டும் எடுத்துக்கொள்கிறது, பிறகு அந்த அளவுக்கு மறுபடி படித்து அப்போதுதான் சிஆர்சி (பைட்டுகள் கெட்டுவிட்டனவா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பார்க்கிறது.

சிஆர்சி என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்தாம் பதிப்பு எக்ஸ்எஃப்எஸ்ஸில் சூப்பர்பிளாக்கின் சிஆர்சி, தகவல் இருக்கும் முதல் சில நூறு பைட்டுக்கு மட்டும் போடுவதில்லை. செக்டர் முழுவதுக்கும், பின்னால் இருக்கும் பூஜ்யங்களையும் சேர்த்துப் போடுவது. துருவி 512 பைட் மட்டும் படித்துக் கணக்குப் போட்டால் 4096 செக்டரில் ஒருபோதும் ஒத்துவராது. உங்கள் துருவி சூப்பர்பிளாக் சரி என்று சொன்னதே எனக்கு ஆச்சரியம். மேஜிக்கை மட்டும் பார்க்கிறதோ என்னமோ, கோடில் பாருங்கள்.

இமேஜ் கோப்புப் பிரச்சினையும் இதிலேயே தீர்ந்துவிடும். கோப்புக்கு செக்டர் கிடையாது, ஆனால் உள்ளே சூப்பர்பிளாக் இருக்கிறதே.

இரண்டாம் கேள்விக்கு: ஒரே அடியாக மாற்றாதீர்கள். தயவுசெய்து.

---

கோபி_வாய்க்கால்:

அக்கா, ரொம்ப நன்றிங்க. ஆமாம், துருவி மேஜிக்கை மட்டும்தான் பார்க்கிறது. சிஆர்சி கணக்கு எழுதும் முறையில் மட்டும் இருக்கிறது, அதுவும் 512-க்கு.

ஒரே அடியாக ஏன் மாற்றக்கூடாது? 512 என்றாலே செக்டர்தானே?

---

சென்னிமலை_பெட்ஷீட் பதில்:

நீங்கள் திருப்பூர்க்காரர், உங்களுக்கு இப்படிச் சொன்னால் பிடிபடும். நிட்டிங்கில் 30 டயா மெஷினில் 30-ஆம் கவுண்ட் நூல் ஓடுகிறது. பையர் வந்து 34-ஆம் கவுண்ட் கேட்கிறான். சீட்டில் 30 என்று எழுதின இடமெல்லாம் 34 என்று திருத்தினால் மெஷினையும் சேர்த்தல்லவா மாற்றியாக வேண்டும்? உங்கள் கோடில் 512 என்ற எண்ணுக்குக் குறைந்தது நாலு வேலை இருக்கும். ஒவ்வொன்றாகப் பிரித்து வேறு வேறு பெயர் வைப்பதுதான் உண்மையான திருத்தம்; மாற்றுவது அப்புறம்.

முதல் வகை, நீங்கள் தேடுவது: ஏஜி தலைப்புகளின் இடமும் நீளமும். இவை சூப்பர்பிளாக் சொல்லும் செக்டர் அளவுக்கு மாற வேண்டும்.

இரண்டாவது வகை, முகவரி அலகு. கர்னலிலும், எக்ஸ்எஃப்எஸ்ஸை ஆராயும் கருவியான எக்ஸ்எஃப்எஸ் டிபியிலும் டிஅட்ரஸ் (டிஸ்க் முகவரி) என்று வருவது எந்த டிஸ்காக இருந்தாலும் 512 பைட் அலகுதான். சிஸ் கோப்பகத்தில் பிளாக் சாதனத்தின் கீழே சைஸ் என்று இருக்கும் எண்ணும் அப்படியே. 4கே டிஸ்கிலும் 512-ஆல்தான் பெருக்க வேண்டும். இதைப் போய் 4096-ஆல் பெருக்கினால் 4 டிபி டிஸ்க் 32 டிபியாகிவிடும். பைட் கணக்கிலேயே தருகிற பிஎல்கே-கெட்சைஸ்-64 இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் இந்தத் தலைவலியே இல்லை.

மூன்றாவது, ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்குமான பதிவு) அளவு. ஐந்தாம் பதிப்பில் வழக்கமான ஐநோட் 512 பைட். நான்காம் பதிப்பில் 256. இதற்கும் செக்டருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. சூப்பர்பிளாக்கின் 104-வது பைட்டில் தனியாக இருக்கிறது, அங்கிருந்து எடுங்கள்.

நான்காவதுதான் வம்பு பிடித்தது: ஜர்னல் லாக், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்து வைக்கும் பகுதி. லாகுக்குள் கணக்கு எல்லாம் 512 பைட் துண்டுகளில்தான் நடக்கும், செக்டர் 4096 ஆக இருந்தாலும் சரி. ஒவ்வொரு 512 பைட் துண்டின் முதல் நான்கு பைட்டையும் எடுத்துத் தனியாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் சுழற்சி எண்ணை (லாக் எத்தனையாவது சுற்றில் இருக்கிறது என்பது) எழுதி வைப்பார்கள். படிக்கும்போது மறுபடி பழைய பைட்டுகளைப் பொருத்திக்கொள்ள வேண்டும். துருவி லாகைப் படிக்கிறது என்றால் அந்தக் கோடில் 512 நிச்சயம் இருக்கும். அதை 4096 ஆக்கினால் எட்டில் ஏழு இடத்தில் சுழற்சி எண்ணையே தகவல் என்று காட்டிவிடும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால் பெரும்பாலான பைட்டுகள் சரியாகவே வரும், அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. லாகின் எழுத்துச் சீரமைப்புக்கு என்று தனி செக்டர் அளவு 194-வது பைட்டில் இருக்கிறது. அங்கே 0 என்று இருந்தால் கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள், 512 என்று அர்த்தம்.

---

ஊத்துக்குளி_வெண்ணெய் பதில்:

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். எல்லா 512-உம் 512 என்ற முகத்தோடு இருக்காது. கோடில் 128 அல்லது 118, 119 என்று ஏதாவது அரே நீளம் இருக்கிறதா பாருங்கள்.

ஏஜிஎஃப்எல் ஒரு செக்டர் முழுக்க நான்கு பைட் எண்களின் வரிசை. நான்காம் பதிப்பில் தலைப்பே கிடையாது, 512-ஐ 4-ஆல் வகுத்தால் 128. ஐந்தாம் பதிப்பில் 36 பைட் தலைப்பு போக மிச்சம் 119. செக்டர் 4096 என்றால் இதே கணக்கு 1015. இந்த வரிசை வட்டமாகச் சுற்றி வருவது, கடைசியைத் தொட்டதும் மறுபடி 0-வுக்கு வரும். நீளத்தைத் தப்பாக வைத்தால் சுற்றும் இடம் தப்பாகிவிடும்.

118 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அது ஒரு பழைய கூத்து. 36 பைட் ஸ்ட்ரக்சரை 64 பிட் கம்பைலர் 40-ஆக நீட்டிவிட்டது. அதனால் 32 பிட் மெஷினில் 119, 64 பிட் மெஷினில் 118 என்று ஒரே டிஸ்குக்கு இரண்டு நீளம். பிறகுதான் ஸ்ட்ரக்சரை பேக் செய்து (இடைவெளி விடாமல் அடுக்கச் சொல்லி) சரிப்படுத்தினார்கள். உங்கள் துருவி எந்தக் காலத்தில் எழுதியதோ தெரியாது, அதனால் ஸ்ட்ரக்சர் அளவையும் ஒருக்கா அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

---

கோபி_வாய்க்கால்:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படிப்பதற்குள் அதிலேயே போய் நின்றேன்! அக்கா சொன்னபடி ஏஜி தலைப்புகளை மட்டும் மாற்றினேன். மாமா டிஸ்கில் நான்கு ஏஜியிலும் மேஜிக் சரியாக வந்துவிட்டது. ஆனால் ஏஜி 2-ல் ‘ஏஜிஎஃப்எல் கடைசி 131, வரம்பு மீறல்’ என்று புதிதாக ஒரு புகார். போய்ப் பார்த்தால் 118 என்று அசல் எண்ணாகவே எழுதி வைத்திருக்கிறார். செக்டர் அளவிலிருந்து 36-ஐக் கழித்து 4-ஆல் வகுக்கிற மாதிரி வைத்ததும் புகார் போய்விட்டது.

512 எல்லாவற்றையும் தாளில் எழுதி அக்கா சொன்ன நாலு வகையாகப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். லாக் பக்கத்தைத் தொடவில்லை. டைரக்டரி பக்கம் எல்லாம் பிளாக் அளவிலேயே இருக்கிறது, அங்கே பிரச்சினை இல்லை.

சூப்பர்பிளாக்கே போய்விட்ட டிஸ்க் வந்தால் என்ன செய்வதுங்க? அதுதானே துருவியின் முக்கிய வேலை.

---

சென்னிமலை_பெட்ஷீட் பதில்:

ஒவ்வொரு ஏஜியின் தலையிலும் சூப்பர்பிளாக்கின் நகல் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ்பி என்ற நான்கு எழுத்தை டிஸ்க் முழுக்கத் தேடுங்கள். தேடும் அடி 512 ஆகவே இருக்கட்டும், எந்த செக்டர் அளவாக இருந்தாலும் அது தப்பாது. ஒன்று கிடைத்ததும் அதன் 102-வது பைட்டை உடனே நம்பிவிடாமல், அங்கிருந்து 512, 1024, 2048, 4096 என்று இரட்டித்துக்கொண்டே போய் எக்ஸ்ஏஜிஎஃப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எந்த இடைவெளியில் ஏஜிஎஃப் அகப்படுகிறதோ அதுதான் செக்டர். இரண்டும் ஒத்துப்போனால் பெரும்பாலும் நல்ல நகல். ஒத்துப்போகவில்லை என்றால் கெட்டுப்போன நகலாகவோ, கோப்புக்குள் தற்செயலாக வந்த நான்கு எழுத்தாகவோ இருக்கலாம், அடுத்ததைத் தேடுங்கள்.

---

காந்திபுரம்_மாடிக்கடை பதில்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கணும். நான் கோயமுத்தூரில் டிஸ்க் ரிக்கவரி பார்க்கிறேன், கோப்பு முறைமைக்குள்ளே இவ்வளவு ஆழம் போகமாட்டேன். ஆனால் கடைக்கு வருகிற கேஸ் ஒன்றைச் சொல்லவேண்டும்.

சில யுஎஸ்பி பெட்டிகள் உள்ளே இருக்கிற 512 டிஸ்கை வெளியே 4096 என்று காட்டும். பழைய எம்பிஆர் பார்ட்டிஷன் அட்டவணையில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் என்றால் 2 டிபியோடு நின்றுவிடும், 4096 என்றால் 16 டிபி வரை போகும். அதற்காகச் செய்த வேலை. பெட்டி கெட்டுப்போனதும் ஆள் டிஸ்கைக் கழற்றி நேராக சாட்டா கேபிளில் மாட்டுவார். பார்ட்டிஷன் எதுவும் தெரியாது. ஃபார்மட் பண்ணவா என்று கம்ப்யூட்டர் கேட்கும். பதறிக்கொண்டு வருவார்கள். தகவல் முழுக்க அங்கேயே இருக்கும், அட்டவணையில் இருக்கிற எண்ணை எட்டால் பெருக்கினால் பார்ட்டிஷன் ஆரம்பிக்கிற இடம் கிடைத்துவிடும்.

புது வகைப் பார்ட்டிஷன் அட்டவணையான ஜிபிடியிலும் இதே. தலைப்பு 1-வது செக்டரில். இஎஃப்ஐ பார்ட் என்ற எழுத்து 512-லும் இருக்கலாம், 4096-லும் இருக்கலாம். தம்பி டூல் முழு டிஸ்க் இமேஜையும் எடுத்துக்கொள்ளும் என்றால், இரண்டு இடத்திலும் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் அங்கே கிடைத்த அளவை எக்ஸ்எஃப்எஸ் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அக்கா சொன்ன மாதிரி அது வேற இது வேற.

---

நொய்யல்கரை பதில்:

சரிங்க, பிசிக்கல் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டெஸ்டுக்காவது என் பங்கு இருக்கட்டும். நிஜ 4கே டிஸ்க் தேடி அலைய வேண்டாம். 400 எம்பியில் வெற்றுக் கோப்பு ஒன்று எடுத்து (300-க்குக் கீழே போனால் புது எக்ஸ்எஃப்எஸ் கருவிகள் மறுத்துவிடும்) செக்டர் அளவைக் கொடுத்து ஒன்று 512-லும் ஒன்று 4096-லும் உருவாக்குங்கள். லூப் சாதனத்தில் (கோப்பை டிஸ்க் மாதிரி காட்டும் வசதி) மாட்டும்போது அதற்கான லாஸ்இடப் கமாண்டுக்கு செக்டர் அளவு 4096 என்று கொடுத்தால் அது 4கே டிஸ்க் மாதிரியே நடந்துகொள்ளும். லாஜிக்கல் 512, பிசிக்கல் 4096 என்ற கலப்பு வேண்டுமென்றால் சோதனைக்குப் போலி டிஸ்க் உருவாக்கும் கர்னலின் ஸ்கஸி டீபக் மாடியூலை ஏற்றி, ஃபிஸ்பிஎல்கே-எக்ஸ்ப் என்ற அளவுருவுக்கு 3 கொடுங்கள். எட்டு லாஜிக்கல் செக்டருக்கு ஒரு பிசிக்கல் செக்டர் என்று காட்டும்.

512-ல் செய்த இமேஜை அந்த 4கே லூப்பில் மாட்டி மவுண்ட் செய்யப் பாருங்கள். சாதனம் 4096 பைட் செக்டர்தான் தரும், 512 தராது என்று கர்னல் மறுத்துவிடும். ஆனால் துருவி அதைத் திறந்து படிக்கவேண்டும். மவுண்ட் ஆகாத டிஸ்கைத்தானே நம்மிடம் கொண்டுவருவார்கள்.

---

கோபி_வாய்க்கால்:

512 இமேஜ், 4096 இமேஜ், லூப், ஸ்கஸி டீபக் எல்லாம் வைத்துப் பார்த்தேனுங்க, படிக்கும் முறை நான்கிலும் சரியாக வருகிறது. 4கே லூப்பின் மேல் ஓ-டைரக்டில் 512 பைட் படிக்கப் போன ஒரே ஒரு இடம் மட்டும் ஈஇன்வால் (தவறான அளவுரு) என்ற பிழையோடு விழுந்தது. அதை லாஜிக்கல் அளவுக்கு முழுதாகப் படித்து, வேண்டிய துண்டை வெட்டி எடுக்கிற மாதிரி மாற்றிவிட்டேன். டிஸ்கிடம் லாஜிக்கல் அளவைக் கேட்பது இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான்.

எழுதும் முறையையும் இதே மாதிரி மாற்றி இந்த வாரமே ஆபீஸ் மெஷினில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

---

சென்னிமலை_பெட்ஷீட் பதில்:

எழுதும் முறையைக் கடைசிக்கு வையுங்கள் கண்ணு. பழைய துருவி அந்த 4 டிபி டிஸ்கில் ஏஜிஎஃப்பைச் சரிசெய்கிறேன் என்று கிளம்பியிருந்தால் 512-வது பைட்டில் எழுதியிருக்கும். அது சூப்பர்பிளாக்கின் செக்டருக்குள்ளே. நல்லா இருந்த சூப்பர்பிளாக்கின் சிஆர்சி உடைந்து மவுண்ட்டே ஆகாமல் போயிருக்கும். எழுதுவதற்கு முன்னால், அந்த இடத்தில் ஏற்கெனவே சரியான மேஜிக் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லை என்றால் எழுதாமல் நிற்கட்டும். கட்டாயம் எழுதியே ஆகவேண்டும் என்றால் தனி ஆப்ஷன் கேட்கட்டும். சிஆர்சி கணக்கையும் முழு செக்டருக்கு மாற்றி, எக்ஸ்எஃப்எஸ் டிபி காட்டும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள். ராத்திரி ஷிஃப்ட் பையன் மெஷினில் அதுவரைக்கும் பழைய துருவி இருக்கவேண்டாம், இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.